பிளேனைக் கண்ட மனுசன்

இந்தப் பள்ளிக்கூட மலரில் அதிபர்கள், விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த, கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு புத்தகம்.

1991. நாங்கள் ஆண்டு எட்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கில்தான் படிப்பு. மைதானத்தின் ஓரம் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பங்கர். பொம்பர் இரைச்சல் கேட்டால் வகுப்பு முழுக்க அதற்குள் இறங்கிவிடும். உள்ளே குந்தியிருக்கும் நேரத்தில் எங்கள் இங்கிலீஷ் ரீச்சர் கதை சொல்லத் தொடங்கினார். பயத்தில் அழுகிற பிள்ளைகளைப் பராக்காட்டத்தான். பிறகு அது வகுப்பறைக்கும் வந்துவிட்டது. ஒரு பந்தி ஆங்கிலத்தில் வாசிப்பார், அடுத்ததைத் தமிழில் சொல்லுவார். நாங்கள் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

கதை, பிள்ளைகளுக்கு எழுதிய ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனுடையது. எரிந்துபோன குடிலின் மர்மம், 1943இல் வந்தது. பீற்றர்ஸ்வுட் என்ற ஆங்கிலக் கிராமம். ஐந்து பிள்ளைகள், ஒரு நாய். ஒரு வீட்டுக்காரருடைய தோட்டக் குடில் எரிந்துபோகிறது. உள்ளே விலைமதிப்பான பழைய தாள்கள் இருந்தனவாம். வேலையால் நிறுத்தப்பட்ட பணியாள், சண்டை பிடித்துக்கொண்டு போன கிழவர், முட்டை திருட வந்த நாடோடி என்று சந்தேகப்பட நாலைந்து பேர். கூன் என்ற கிராமத்துப் பொலிஸ்காரர், பிள்ளைகளைக் கண்டால் துரத்துவார்.

ரீச்சர் கடைசிக்குக் கிட்டப் போனபோதுதான் கண்டோம், பக்கங்கள் இல்லை. எத்தனை கைக்குப் போய் வந்த புத்தகமோ, முதுகுத் தையல் விட்டு ஒரு கட்டு அப்படியே விழுந்திருந்தது. “எனக்கும் முடிவு தெரியாது” என்றார் ரீச்சர். அந்த நேர்மைக்காகவே அவரை இன்றும் எனக்குப் பிடிக்கும். அப்புறம் சோக்கை எடுத்து, கதையில் வந்த எல்லாப் பெயரையும் பலகையில் எழுதினார். “ஆர் செய்தது? சும்மா சொல்லக் கூடாது. ஏன் எண்டும் சொல்ல வேணும்.”

முக்கால்வாசிப் பேர் நாடோடிதான் என்றோம். பின்வாங்கில் இருந்த ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், எழும்பினான்.

“ரீச்சர், வீட்டுக்காரர்தான்.”

“ஏன்?”

“அண்டைக்குப் பின்னேரம் லண்டனில நிண்டவர் எண்டு சொன்னவர். பேந்து பிள்ளையளோட கதைக்கேக்க, ஊருக்கு மேலால போன பிளேனுகளைக் கண்டதெண்டு எண்ணிக்கையோட சொல்லிறார். ஊரில இல்லாதவருக்கு எத்தினை பிளேன் எண்டு எப்பிடித் தெரியும்?”

வகுப்பு ஒருகணம் அப்படியே இருந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரேயடியாக விளங்கியது. ஏனென்றால் எங்களில் பிளேன் எண்ணாத பிள்ளை கிடையாது. சத்தத்தை வைத்தே பொம்பரா, ஹெலியா, சகடை என்று நாங்கள் சொல்லும் பெரிய சரக்கு விமானமா என்று சொல்லுவோம். எத்தனை வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை போனது என்று கணக்குச் சரிவந்த பிறகுதான் பங்கரை விட்டு வெளியே வருவோம். அந்த எண்ணிக்கை அங்கே நின்றவனுக்கு மட்டும்தான் தெரியும். இங்கிலாந்தில் யுத்தகாலத்தில், அங்கிருந்த பிள்ளைகளும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் வெளிவந்த துப்பு அது. ஐம்பது வருஷம் கழித்து எங்கள் பெடியன் ஒருவன் பின்வாங்கில் இருந்து அதைக் கண்டுபிடித்தான்.

அவன் சொன்னது சரிதானா என்று அப்போது பார்க்க வழியில்லை. 1995இல் சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வோடு அந்தப் புத்தகம், நூலகம், வகுப்பு எல்லாம் சிதறிவிட்டன.

நான் சிங்கப்பூர் வந்தது 2001இல். அடுத்த வருஷம் ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் இருந்த பழைய செங்கல் நூலகத்துக்கு வேறு ஏதோ அலுவலாகப் போனேன். இப்போது அந்தக் கட்டடம் இல்லை. 2004இல் மூடி, சுரங்கப்பாதைக்காக இடித்துவிட்டார்கள். சிறுவர் அடுக்கில் அதே தலைப்பு கண்ணில் பட்டது. நின்ற நிலையிலேயே கடைசி அத்தியாயங்களை வாசித்தேன். வீட்டுக்காரர்தான். காப்புறுதிப் பணத்துக்காகத் தன் குடிலைத் தானே கொளுத்தியிருக்கிறார். பிளேன் கதைதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடி வாசித்தேன். ஊரில் சின்ன மாமாவின் ரங்குப்பெட்டியில் இருந்த முத்து காமிக்ஸும் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலும் எனக்கு ஏற்கெனவே பழக்கம். ஆனால் சங்கர்லால் பெரிய ஆள். தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார், நாங்கள் வாயைப் பிளந்து பார்த்திருப்போம். பிள்ளைகள் துப்பறியும் கதை வேறு. துப்பறிபவன் கண்டது எல்லாம் வாசிக்கிற பிள்ளையும் கண்டதுதான். ஒளித்து வைத்த ஆய்வுகூடம் ஒன்றும் கிடையாது. எரிக் கேஸ்ட்னரின் எமிலைப் பாருங்கள், 1929இல் வந்த ஜெர்மன் கதை. பணம் தொலைந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பையன் நோட்டுகளைச் சட்டைப்பையோடு ஊசியால் குத்தி வைக்கிறான். கடைசியில் வங்கியில் அந்த ஊசித் துளைகள்தான் சாட்சி. ஊசியைக் குத்தினதை நாமும் கூட இருந்து பார்த்தோமே!

இன்னொன்றும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் வாயைக் காப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் பொலிஸ்காரரிடம் பிளேன் கதை கதைத்திருப்பாரா? இவர்கள் பொடியள்தானே என்று விட்டுவிட்டார். எல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருக்கிற பிள்ளைக்கு, தன் காதும் கண்ணும் பெறுமதியானவை என்று முதன்முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தக் கதைகள்தான்.

குறையும் சொல்ல வேண்டும். பிளைட்டனின் உலகத்தில் ஏழையும் ஊர்சுற்றியும் உடனேயே சந்தேகத்துக்குரியவர்கள். பெரியவளாகி வாசிக்கும்போது அது உறுத்தியது. நாங்களும்தானே ஒன்றும் யோசிக்காமல் நாடோடி என்று கை தூக்கினோம். ஆனால் இந்தக் கதையில் நாடோடி செய்யவில்லை, வசதியான வீட்டுக்காரர்தான் செய்தார். அந்தத் திருப்பத்துக்காகவே பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்பேன்.

பிராஸ் பாசா கட்டடத்துப் பழைய புத்தகக் கடைகளில் நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண் கிடைத்தாள். அட்டையில் எழுதியவர் பெயர் கரோலின் கீன் என்று இருக்கும். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவரின் நிறுவனம் கதைச் சுருக்கம் கொடுத்து, ஆள் வைத்து எழுதுவித்த தொடர் அது, 1930இல் தொடங்கியது. முதல் முப்பதில் 23 புத்தகங்களை எழுதியவர் மில்ட்ரெட் வெர்ட் பென்சன் என்ற பத்திரிகைக்காரப் பெண். தொடக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு 125 டொலர், அதோடு சரி. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த ஒரு வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகுதான் உண்மை பரவலாகத் தெரிந்தது. ஐம்பது வருஷம் தன் பெயரில்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை.

என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்குப் பிடித்தது ஷெர்லாக் சாம். 2012இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தொடர், இங்குள்ள காத்தோங் வட்டாரத்தில் தொடங்குகிற கதை, சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டின் பெரானாக்கான் சாப்பாடு, வாட்சன் என்ற ரோபோ. எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளையும் கீழ்மாடிச் சீனப் பையனும் சேர்ந்து ஒரு துப்பறியும் குழு வைத்திருக்கிறார்கள். அதன் தலைமையகம் எங்கள் வீட்டு பாம் ஷெல்டர். இங்கே வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய வீடுகளில், குண்டுவீச்சு நேரத்தில் பதுங்க, கனத்த இரும்புக் கதவோடு அப்படி ஒரு அறை இருக்கும். 1997ஆம் ஆண்டுச் சட்டம். எல்லோரும் அரிசி மூட்டை, சூட்கேஸ் வைக்கத்தான் பாவிக்கிறோம். வீடு வாங்கிய நாளில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். இப்போது அதற்குள் சூட்கேஸ் மேல் ஏறி இருந்துகொண்டு மூன்று பிள்ளைகள் கொப்பியில் துப்பு எழுதுகிறார்கள்.

அவர்களுடைய முதல் வழக்கு, தாழ்வாரத்தில் காணாமற்போகும் செருப்புகள். முதலில் சந்தேகப்பட்டது கூட்டிக் கழுவ வருகிற பங்களாதேஷ் அண்ணாவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. “ஏன் என்றும் சொல்ல வேண்டும்” என்றேன். ஒரு கிழமை நேரம் குறித்துப் பார்த்தார்கள். அந்த அண்ணா தண்ணீர் அடிக்கும் நாளில் செருப்பு நனையக் கூடாதென்று மாடிப்படிப் பக்கம் எடுத்து வைக்கிறார். மகள் வீட்டுக்கு ஓடி வந்து, ஒரு பாக்கெட் மைலோ எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள்.

போன மாதம் அவளுக்கு எரிந்த குடில் கதையை வாசித்துக் காட்டினேன். பிளேன் வந்த இடத்தில் அவள் நிற்கவே இல்லை. சாங்கி விமான நிலையம் இருக்கிற ஊரில் பிளேன் ஒரு விஷயமா? முடிவைச் சொன்னதும், “அதையெல்லாம் யாரும்மா எண்ணுவார்கள்?” என்று கேட்டாள். தேசிய தினத்துக்கு முந்திய கிழமைகளில் ஒத்திகைப் போர்விமானங்கள் வீட்டுக்கு மேலால் இரைந்துகொண்டு போகும். அவள் தாழ்வாரத்துக்கு ஓடிக் கைகாட்டுவாள். நான் சமையலறையில் கத்தியை வைத்துவிட்டு எண்ணுவேன். எல்லாம் திரும்பிப் போகும்வரை எண்ணுவேன். அன்று இரவுதான் அவளுக்கு அந்தப் பங்கரையும் ரீச்சரையும் பின்வாங்குப் பெடியனையும் பற்றிச் சொன்னேன்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கென்று பழைய புத்தகக் கடைகளில் முப்பது துப்பறியும் கதைப் புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது இன்னும் இருந்தால் தாருங்கள், கொண்டுபோகிறேன். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. எரிந்த குடில் கதையும் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன், எல்லாம் இருக்கின்றன.