மூச்சு வாங்கும் இடம்

எங்கள் வீடு நகரியில், ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் பக்கம். முன்கட்டில் நாலு பவர்லூம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிடுவார். காதில் அந்தச் சத்தம் அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் பாய் விரித்து, விளக்கேற்றி, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து திருப்புகழ் பாடுவோம்.

1960-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. எங்களுக்குத் திருத்தணி முருகன் எப்போதும் பக்கத்து மலைக்காரன்தான்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நாங்கள் சொல்லச் சொல்லத் தெலுங்கு எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வார். ழகரம் வருகிற இடத்தில் ளகரம் எழுதி, கீழே சிவப்பு மையில் ஒரு புள்ளி.

2021-ல் எனக்குக் கொரோனா வந்துபோன பிறகு மூன்று மாதம் இருமல் விடவில்லை. தினமும் ‘இருமலு ரோக’ பாட ஆரம்பித்தேன். திருத்தணி முருகனிடம் அருணகிரிநாதர் இருமல், வாதம், தலைவலி, சோகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தப் பிறவியிலும் இவை என்னை வாட்டாமல் உன் தாளைக் கொடு என்று கேட்கிற பாட்டு. சந்தத்தில் ‘தனதன தான’ மூன்று தரம் வந்து, ‘தனதான’ என்று தொங்கலில், அதாவது அடியின் கடைசித் துண்டில், முடியும். அந்தத் தொங்கல் வரைக்கும் தனியாக என்னால் போக முடியவில்லை. பாதியிலேயே இருமல் பிடித்துக்கொள்ளும். அழுகை வரும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அப்படி இல்லை. நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த தொங்கலில் சேர்ந்துகொள்வேன். அருணகிரியின் சந்தம் இத்தனை பேருடைய மூச்சைச் சேர்த்துக் கட்டுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உடம்பிலேயே தெரிந்தது.

இந்தப் பாட்டில் ஒரு இடம் உண்டு. முதல் தொங்கல் ‘விடமேநீ’ என்று முடியும். அடுத்த அடி ‘ரிழிவு’ என்று தொடங்கும். நீரிழிவு என்ற சொல் நடுவில் பிரிந்து, எல்லோரும் மூச்சு வாங்குவது அங்கேதான். அக்கா அந்த ‘நீ’யைத் தெலுங்கு ‘நீ’ என்று நினைத்து, ‘உன்’ என்று முருகனைச் சொல்வதாகவே பல மாதம் பாடியிருக்கிறார். ஒருநாள் அர்த்தம் சொன்னேன். “அப்போ என் சுகரா?” என்றார். பதினைந்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். நோட்டை எடுத்து அந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு வளைகோடு போட்டுச் சேர்த்தார்.

டிசம்பர் 31 திருத்தணி படித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் போனோம். 365 படி, படிக்குப் படி பாட்டு. புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளைக் கும்பிடப் போன ஜனங்களை இந்த மலைக்குத் திருப்பியவர், திருப்புகழைப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள். ஏறும்போது எனக்கு மறுபடி இருமல். ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே அந்தப் பாட்டை எடுத்தார். நோட்டு பைக்குள்ளேயே இருந்தது. ‘விடமேநீ’ வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கி, என் முகத்தைப் பார்த்தார்.

‘ரிழிவு’ என்று நான் எடுத்தேன்.