நீ சூன் ஓடையில் மீன் கணக்கெடுக்கப் போன கதை

நன்னீர் மீன் கணக்கெடுப்புக்குத் தொண்டூழியராகப் போக முடியுமா என்று சிலர் கேட்டார்கள். போகலாம், ஆனால் வலையைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்குள் இறங்கிவிட முடியாது. நீ சூன், சிங்கப்பூரில் ஓரளவு பெரிதாக மிஞ்சியிருக்கும் ஒரே நன்னீர்ச் சதுப்புக் காடு. அங்கே ஓர் இறாலைப் பிடித்துப் பார்க்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதனால் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்த ஆய்வுக் குழுவோடு சேர்ந்துகொண்டேன். படிவம், பாதுகாப்பு விளக்கம் எல்லாம் வழக்கம்போலத்தான்.

காத்திருந்த நாள்களில் படங்களை வைத்து மீன்களை அடையாளம் காணப் பழகினேன். “மீன் பார்க்கணும்னா தேக்கா சந்தைக்குப் போனா ஆகாதா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்!

ஓடையில் தண்ணீர் கட்டாஞ்சாயா நிறம். அழுக்கு இல்லை, உதிர்ந்த இலைகளின் சாயம் ஊறிய நிறம். நடு ஓடையில் வலை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. கரையோர வேர்களுக்கு அடியில் வலையைக் கொடுத்து, காலால் கலக்கிவிட்டுச் சட்டெனத் தூக்க வேண்டும். பிடித்ததை ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் விட்டு, படமெடுத்து, எண்ணி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

எனக்குப் பித்துப் பிடித்தது அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான். ஊசி மாதிரி ஒரு மீன். கீழ்த்தாடை மட்டும் நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. நீர்மட்டத்திலேயே திரிந்து, மேலிருந்து விழும் எறும்புகளைத் தின்னுமாம். முட்டையிடாது, குட்டி போடும். அடுத்து வந்தது ஹார்லெக்வின் ராஸ்போரா. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம். வண்ணமீன் கடையில் பை பையாக விற்கிறார்களே, அதேதான். 1904லேயே அறிவியல் பெயர் பெற்ற மீன், நம்மூர் ஓடையிலும் இயற்கையாக வாழ்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் திரும்பி முட்டையிடும் என்பது அப்புறம் படித்தது.

நண்டு கதை இன்னும் சுவையானது. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்ற நன்னீர் நண்டு உலகிலேயே சிங்கப்பூரில் மட்டும்தான் இருக்கிறது, புக்கிட் தீமா பக்கத்துச் சில ஓடைகளில். ஓடு மூன்று சென்டிமீட்டர் அகலம்கூடத் தாண்டாது. பேராசிரியர் பீட்டர் இங் 1986இல் அதற்குப் பெயரிட்டார். அழிவின் விளிம்பில் உள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் 2012இல் அதுவும் இடம்பெற்றது. நாங்கள் போன ஓடையில் அது கிடையாது. நேரில் பார்க்கும் ஆசை அப்படியே இருக்கிறது.

வலையில் ஒன்றுமே சிக்காத இடங்களையும் எழுதிவைக்க வேண்டும். எனக்கு முதலில் அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. “இல்லைன்னு எழுதி வச்சாத்தானே, எப்போ காணாமப்போச்சுன்னு தெரியும்” என்றார் குழுவில் இருந்த அக்கா ஒருவர்.

இப்போது இறால்களில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சில இனங்களைப் பிரித்தறிய, தலைக்கு முன்னால் நீண்டிருக்கும் கொம்பின் விளிம்பில் மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்று லென்ஸ் வைத்து எண்ண வேண்டும். அதற்குள் அது துள்ளிவிடுகிறது.