பத்து டொலர் காணி

மார்ச் மாதம் வந்தால் எங்கள் அலுவலகம் முழுக்க ஈரச் சப்பாத்து மணக்கும். உருகுகிற பனியையும் தெருவுக்குப் போட்ட உப்பையும் மிதித்துக்கொண்டு சனம் வரும். கையில் ஒரு கடித உறை, அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன ரி-4 துண்டுகள் (வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பளக் கணக்கு). கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், வடக்கு எட்மன்ரனில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் சின்ன அமைப்பு எங்களுடையது. குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்காக ஏப்ரல் 30 வரைக்கும் மேசை போட்டு உட்காருவோம். பதினாறு வருடமாக இதுதான் என் வசந்தகாலம்.

2024-ல் அந்த மேசையில் இருக்கும்போதுதான் மேலாளர் வந்து சொன்னார்: "நிதி விண்ணப்பத்துக்கு ஓர் அட்டவணை வேணும். ஒரு பக்கம் குடிவரவாளர், மற்றப் பக்கம் உக்ரேனிய வம்சாவளியினர். வருமானம், வறுமை, வீடு. ஆர் எந்த நிலையில் இருக்கினம் எண்டு பார்த்த உடனே விளங்க வேணும்."

அரை நாள் வேலை என்றேன். மூன்று கிழமை எடுத்தது.

எட்மன்ரனில் இப்படி ஒரு அட்டவணை கேட்பது புதினமில்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் கனடாவில் ஏறத்தாழ 12 லட்சத்து 60 ஆயிரம் பேர் தங்களுக்கு உக்ரேனிய வேர் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் இந்தப் புல்வெளி மாகாணங்களில் இருப்பவர்கள். நகரத்திலிருந்து கிழக்கே காரை விட்டால், வெக்ரவில்லில் 1975-ல் நட்டுவைத்த இராட்சத ஈஸ்டர் முட்டை வரும். அதற்கு முன் மண்டேரில் ஓர் இராட்சத சொசேஜ். வழி நெடுகக் கூம்பும் குமிழுமாகத் தேவாலயங்கள். கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற பெரோகி எந்தக் கடைக் குளிர்பெட்டியிலும் கிடைக்கும். பாட்டியை 'பாபா' என்றும் தாத்தாவை 'கீடோ' என்றும் கூப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பல வேளைகளில் அந்த மொழியில் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான்.

எங்கள் தொண்டர்களில் ஒருவரையும் எல்லோரும் கீடோ என்றுதான் கூப்பிடுவோம். வயது 78. கோடையில் பண்ணை, பனிக்காலத்தில் லொறி என்று வாழ்ந்து முடித்தவர். கணக்கில் புலி. (இங்கே வரும் ஆட்களின் சின்னச் சின்ன அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வரி மேசையில் கேட்டது மேசையோடு நிற்க வேண்டும்.) அட்டவணையோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் தாத்தாவின் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

அந்தக் கதையின் வெளிக்கோடு வரலாற்றில் இருப்பதுதான். 1891-ல், இன்றைய மேற்கு உக்ரேனில் இருக்கும் கலீசியாவின் நெபிலிவ் கிராமத்திலிருந்து இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் என்ற இருவர் வந்து பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொன்னார்கள். 1896-ல் அமைச்சரான கிளிஃபர்ட் சிஃப்டன் இந்த வெளியை உழுவதற்குக் கிழக்கு ஐரோப்பிய விவசாயிதான் சரியென்று ஆள் சேர்த்தார். பத்து டொலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருடம் குடியிருந்து, நிலத்தைப் பண்படுத்திக் காட்டினால் உறுதி கைக்கு வரும். 1914-க்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் வந்தார்கள். ஊரில் விறகு பொறுக்கவும் நிலப்பிரபுவைக் கேட்க வேண்டியிருந்த சனம் என்பதால், திறந்த வெளியை விட்டுவிட்டு மரம் நின்ற காணியாகப் பார்த்து எடுத்தார்கள். முதல் பனிக்காலத்தை 'புர்தேய்' என்ற மண்குழி வீட்டுக்குள் கழித்தார்கள். ஆண்கள் ரயில்பாதை போடவும் சுரங்கத்துக்கும் போக, காட்டை வெட்டியது பெரும்பாலும் பெண்கள். (அந்தக் காணி அதற்கு முன் க்ரீ மக்களின் வேட்டை நிலம். 1876-ன் ஆறாம் ஒப்பந்தத்தால் அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். மேலாளர் கேட்ட அட்டவணையில் அவர்களுக்குப் பத்தி இல்லை.)

"தாத்தா கட்டின பத்து டொலர் கடன் வாங்கினது," என்றார் கீடோ. "யாரிடம் வாங்கினார் என்பதில்தான் எங்கள் குடும்பத்தில் இன்னும் சண்டை."

1914-ல் போர் வந்தது. கலீசியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்ததால், அதன் கடவுச்சீட்டோடு வந்தவர்கள் ஒரே இரவில் 'எதிரி அந்நியர்' ஆனார்கள். 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பான்மையோர் உக்ரேனியர். இன்னும் ஏறத்தாழ 80,000 பேர் காவல்துறையில் ஒழுங்காகப் போய்ப் பதிய வேண்டியிருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பான்ஃப் பூங்காவின் வீதிகளில் சில, அந்தக் கைதிகளை வைத்துப் போட்டவை. கடைசி முகாம் மூடியது 1920-ல், போர் முடிந்து ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு.

இதைக் கேட்கும்போது எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. நான் 1989-ல் ரொறன்ரோவில் இறங்கியவன். உணவகத்தில் கோப்பை கழுவி, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டின கடனையும் அக்காவின் சீதனத்தையும் அடைத்துவிட்டு, குளிருக்குப் பயப்படாமல் வேலை தேடி மேற்கே வந்தவன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் 492 பேர் வன்கூவர் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, பிள்ளைகளோடு வந்த தாய்மாரையும் சேர்த்துத் தடுப்பில் வைத்ததை இதே நாட்டில் இருந்து பார்த்தேன். 2022 மார்ச்சில் அதே நாடு, உக்ரேனியர் எத்தனை பேர் வந்தாலும் விசா, மூன்று வருட வேலை அனுமதி, கட்டணம் இல்லை என்று அறிவித்தது. 2024 மார்ச் கடைசிக்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பொறாமையோடுதான் அட்டவணையைத் தொடங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் வில்லங்கம் பத்திகளின் தலைப்பிலேயே இருந்தது. 'குடிவரவாளர்' என்பது சட்ட நிலை: நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர். 'உக்ரேனிய வம்சாவளி' என்பது நீங்களாகச் சொல்லும் மூதாதையர் கதை. ஒன்று எப்படி வந்தாய் என்று கேட்கிறது, மற்றது உன் பாட்டி யார் என்று கேட்கிறது. 1995-ல் கீவிலிருந்து வந்த பொறியியலாளர் இரண்டு பத்தியிலும் இருப்பார். கீடோவின் பேத்திக்கு உக்ரேனியம் கால்பங்கு, ஸ்கொட்லாந்து கால்பங்கு, ஜேர்மன் மிச்சம். அவளும் அந்தப் பத்திதான். வம்சாவளி சொல்பவர்களில் பெரும்பாலானோர் இப்படி இன்னொரு வேரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். பெயரை ஆங்கிலமாக்கி, பாபாவையும் மறந்துவிட்ட குடும்பம் எந்தப் பத்தியிலும் வராது.

நான் எந்தப் பெண்ணுக்காக இந்த நிதியைக் கேட்கிறேனோ, அவரும் எதிலும் இல்லை. 2022-ல் வந்தவர்கள் தற்காலிக வதிவாளர்கள், புள்ளிவிபரத்தில் 'குடிவரவாளர்' அல்ல. 2021 மதிப்பீட்டுக்கோ அவர்கள் வந்தே சேரவில்லை. போதாததற்கு, அந்த மதிப்பீடு அளந்தது 2020-ன் வருமானத்தை. பெருந்தொற்றுக் காலத்தில் அரசு வீட்டுக்கு வீடு காசு அனுப்பிய வருடம். நாட்டின் வறுமை வீதம் 2015-ல் 14.5 சதவீதமாக இருந்தது, 2020-ல் 8.1 சதவீதம் என்று காட்டுகிறது. அந்த வருடத்தை வைத்து யாரை யாரோடு ஒப்பிட்டாலும் எல்லோரும் கொஞ்சம் நல்லாயிருந்த மாதிரித்தான் தெரியும்.

அந்தப் பெண் கிழக்கு உக்ரேனின் கார்கிவ் நகரத்துக்காரி. அங்கே கணக்காளர். இங்கே கிழமை நாட்களில் ஹோட்டல் அறை துப்புரவு, சனி ஞாயிறில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பெரோகிக்கு மா பிசைவது. அல்பேர்ட்டாவின் குறைந்தபட்சக் கூலி 2018-லிருந்து மணிக்கு 15 டொலரிலேயே நிற்கிறது. அவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஒன்பது வயது மகன். கணவர் அங்கேயே.

அன்றைக்கு அவருடைய படிவத்தோடு ஆர்சி-66-ஐயும் சேர்த்து நிரப்பினேன். பிள்ளைக்காசுக்கான விண்ணப்பம் அது. நிரந்தர வதிவாளராக வந்தவருக்கும், அகதி என்று ஏற்கப்பட்டவருக்கும் பதினெட்டு மாதம் காத்திருக்கச் சொல்லும் விதி இல்லை. தற்காலிக வதிவாளர் பதினெட்டு மாதம் இங்கே இருந்துவிட்டுப் பத்தொன்பதாம் மாதத்தில்தான் கேட்கலாம். இவர் வந்தது 2022 ஓகஸ்டில். அவருடைய வருமானத்துக்கு, அந்த வயதுப் பிள்ளைக்கு மாதம் 500 டொலர் மட்டில் வரும். பதினெட்டு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 9,000. வந்தவுடன் அரசு கொடுத்த ஒருதடவை உதவி, அவருக்கு 3,000, மகனுக்கு 1,500. அதைப் பார்த்துத்தான் நான் பொறாமைப்பட்டிருந்தேன்.

இதைச் சொன்னபோது அவர் விரலால் மேசையில் கூட்டல் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கணக்காளர்தானே.

அதே வரிசையில் எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெடியன் இருந்தான். அரசு அனுசரணையில் வந்த அகதி. ஒரு வருடம் வாழ்க்கைச் செலவுக்கு உதவி கிடைத்தது, ஆனால் விமான ரிக்கெட் கடன். மாதாமாதம் கட்டுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு தமிழ் அம்மா. மகனின் அனுசரணையில் 63 வயதில் வந்தவர். முழு முதியோர் காசுக்கு 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 10 வருடத்துக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. அவருக்குப் பத்து வருடம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆகவே நாற்பதில் பத்து, கால்பங்கு. "தம்பி, நான் முழு ஆள்தானே வந்தனான்?" என்று கேட்டார். அரசாங்கத்துக்கு நான் அனுப்ப விரும்பிய ஒரே கடிதம் அதுதான்.

இப்படி வந்த மூவரில் புள்ளிவிபரப்படி குடிவரவாளர் இருவர். இன்னொருவர் ஒன்றுமில்லை. யார் எந்தக் கதவால் வந்தார் என்பதுதான் முதல் ஐந்து வருடத்து நல்வாழ்வைத் தீர்மானிக்கிறது. நாடு, மொழி, படிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் ஐம்பது வருடத்துக்கு வேறு கணக்கு. 1965-ல் ஜான் போர்ட்டர் என்ற சமூகவியலாளர் கனடாவின் இனக்குழுக்களை அவர்கள் செய்யும் தொழிலை வைத்து அடுக்கிக் காட்டினார். பிரித்தானிய வழியினர் மேலே, கிழக்கு ஐரோப்பியர் கீழ்ப்படிகளில். முதல் குடியேற்றத்துக்கு 70 வருடத்துக்குப் பிறகும்! இருபத்தைந்து வருடம் கழித்து, 1990-ல் ரே ஹ்னாட்டிஷின் நாட்டின் ஆளுநர் நாயகம். 1991-ல் ரோய் ரொமானோ சஸ்காச்சுவான் முதல்வர், 2006-ல் எட் ஸ்டெல்மாக் அல்பேர்ட்டா முதல்வர். மூவரும் உக்ரேனிய வம்சாவளியினர். இடையில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1947 பெப்ரவரியில், எட்மன்ரனுக்குத் தெற்கே லெடூக்கில் எண்ணெய் பீறிட்டது. அக்காலத்துக் குடியேறிகளின் உறுதிகளில் பெரும்பாலும் நிலத்தடி உரிமை கிடையாது. எண்ணெய் யாருடைய வயலுக்கடியில் இருந்தாலும் ராயல்டி அவர்களுக்கு இல்லை. ஆனால் வேலை வந்தது, வீதி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. கீடோவின் அப்பா பனிக்காலத்தில் எண்ணெய்க் கிணற்றில் நின்றார். வம்சாவளியினரின் இன்றைய சராசரிக்குள் கடின உழைப்பும் இருக்கிறது, எந்த மாகாணத்தில் தாத்தா இறங்கினார் என்ற அதிர்ஷ்டமும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இறங்கிய ரொறன்ரோவில் 160 ஏக்கர் எவரும் தரவில்லை. தந்தது நிலவறை வீடு, அதற்கும் வாடகை.

பிறகுதான் என் அட்டவணையை முழுதாகக் கவிழ்த்த விஷயம். ஒரு மத்தியானம் தேநீர் குடிக்கும்போது கீடோ தன் வருமானத்தைச் சொன்னார். முதியோர் காசு, ஓய்வூதியம், காணிக் குத்தகை எல்லாம் சேர்த்து வருடம் 31,000. கார்கிவ்காரியின் இரண்டு ரி-4 துண்டும் சேர்ந்து 39,000. வருமானப் பத்தியில் அந்தப் பெண் பணக்காரி!

தாத்தா பத்து டொலருக்கு எடுத்த 160 ஏக்கரும் கீடோவின் பெயரில் இருக்கிறது. அங்கே இன்று ஒரு ஏக்கரே ஆயிரக்கணக்கான டொலர். கடன் ஒரு சதமும் இல்லை. அந்தப் பெண்ணிடம் கார்கிவில் சொந்தமாக ஒரு குடியிருப்பு இருக்கிறது, யன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் பலகை. அது எங்கள் படிவத்தின் எந்தக் கோட்டிலும் வராது. மாதம் 300 டொலர் தாய்க்கு அனுப்புகிறார். அதுவும் கழிவதில்லை. 1989-லிருந்து நான் அனுப்பியதை எந்த அரசும் கழித்ததில்லை. என் வருமானத்தைப் பார்த்து எவராவது அட்டவணை போட்டிருந்தால், அந்தப் பெடியன் நல்லாத்தான் இருக்கிறான் என்று எழுதியிருப்பார்கள்.

அட்டவணையை முடித்துக் கொடுத்தேன். இரண்டு பத்தியை நான்காக்கி, வந்த வருடத்தைச் சேர்த்து, அடிக்குறிப்பை அட்டவணையைவிட நீளமாக எழுதியிருந்தேன். மேலாளர் வாசித்துவிட்டு, "இதை ஆர் படிப்பினம்?" என்றார். அடிக்குறிப்பு மூன்று வரியானது. நிதி கிடைத்தது, கேட்டதில் பாதி.

ஏப்ரல் கடைசிக் கிழமை கார்கிவ்காரி வரி முடிவுக் கடிதத்தோடு வந்தார். கீடோ கதிரையை இழுத்துப் போட்டுத் தன் தாத்தாவின் உக்ரேனியத்தில் கதைக்கத் தொடங்கினார். அந்தப் பெண் வாய் பொத்திச் சிரித்தார். வீட்டில் ரஷ்ய மொழி கதைத்து வளர்ந்து, போருக்குப் பிறகு உக்ரேனியத்துக்கு மாறியவர் அவர். கீடோவுடையதோ 1899-ல் கலீசியாவிலிருந்து கப்பலேறிய கிராமத்துப் பேச்சு. பாதிச் சொல் அவருக்குப் புதிது. கடைசியில் இருவரும் ஆங்கிலத்துக்கு வந்தார்கள்.

"வாடகை எவ்வளவு கட்டுகிறாய்?" என்று கேட்டார் கீடோ.

சொன்னார்.

கீடோ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பண்ணையில் தன் தாயின் பழைய வீடு சும்மா கிடக்கிறது என்றார். அடுப்பு வேலை செய்யும். வாடகை வேண்டாம்.

"அங்கே பஸ் வருமா?"

"பஸ்ஸா?" என்றார் கீடோ.