மெட்டி தொலைஞ்ச கதையும் மெட்டல் டிடெக்டர் வாங்குன கதையும்

போன ஜனவரில ஒரு நாள், வெயில் நாப்பது டிகிரிய தாண்டிருச்சு, அடிலெய்டுல பாதி ஊர் க்ளெனெல்க் பீச்சுலதான் கெடந்துச்சு. நாங்களும் ட்ராம் புடிச்சு போனோம். முட்டி அளவு தண்ணில ஒரு மணி நேரம் நின்னுட்டு கரைக்கு வந்து டவல் எடுக்கும்போதுதான் வீட்டுக்காரம்மா காலைப் பாத்தா, இடது கால்ல மெட்டி இல்ல. நின்ன இடம் தெரியும், கடலுக்குள்ள நீட்டிருக்குற ஜெட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அவ்ளோதான் தெரியும். கையால கிளறுனோம், பையன் பொம்மை சல்லடைய வெச்சு சலிச்சான், ஒண்ணும் கிடைக்கல. "உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னா. நான் அன்னிக்கு ராத்திரியே போன்ல மெட்டல் டிடெக்டர் தேட ஆரம்பிச்சுட்டேன்.

அங்கதான் மொத தப்பு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு மெஷின் பாத்தேன், விலை சல்லிசு, விளம்பரத்துல "மூணு மீட்டர் வரைக்கும் வாட்டர்ப்ரூஃப்"னு போட்டிருந்துச்சு. வாட்டர்ப்ரூஃப்னா கடலுக்குன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன். காய்ஞ்ச மணல்ல தங்கமா வேலை செஞ்சுது, பத்து நிமிஷத்துல ரெண்டு டாலர் காசு ஒண்ணு, பாட்டில் மூடி நாலு. அப்படியே அலை வந்துட்டுப் போற ஈர மணல்ல கால் வெச்சேன் பாருங்க, கீச் கீச் கீச்னு நிக்காம கத்துது. காயிலை, அதான் மணல் மேல ஆட்டுற வட்டத் தட்ட, தூக்குனா கத்துது, இறக்குனா கத்துது, சும்மா வெச்சிருந்தாலும் அலை வந்தா கத்துது. பையன் கேட்டான், "அப்பா, மெஷின் ஏன் அழுவுது?"

ஏன் அழுதுச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. டிடெக்டர் காயில்ல இருந்து காந்தப்புலம் மண்ணுக்குள்ள போவுது, அங்க உலோகம் இருந்தா அதுக்குள்ள சின்னதா கரண்ட் சுத்தும், அந்தக் கரண்ட் திருப்பி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அதைத்தான் மெஷின் கேக்குது. இப்ப உப்புத் தண்ணியும் கரண்ட் கடத்தும்ல, அதனால ஈர மணல் முழுக்க மெஷினுக்கு ஒரு பெரிய மெல்லிசான உலோகத் தகடு மாதிரி தெரியுது. வர்ற சிக்னலை வெச்சுதான் என்ன உலோகம்னு மெஷின் திரையில ஒரு நம்பர் காட்டும், அதுலயும் கொடுமை என்னன்னா உப்போட சிக்னல் வந்து விழுற இடமும், மெல்லிசான தங்கம், அலுமினிய ஃபாயில் இதெல்லாம் விழுற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணு. என்னோடது மாதிரி ஒரே ஃப்ரீக்வென்சில ஓடுற மெஷின்ல உப்பை அமுக்குனீங்கன்னா கூடவே சின்னத் தங்கமும் அமுங்கிப் போயிரும். சென்சிடிவிட்டிய குறைச்சா சத்தம் நிக்கும், ஆனா அப்புறம் எதுவுமே கேக்காது, சும்மா குச்சிய ஆட்டிட்டு வாக்கிங் போற மாதிரிதான்.

மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின் தப்பிக்கிறது இங்கதான். ஒரே நேரத்துல குறைஞ்ச ஃப்ரீக்வென்சி கூடுன ஃப்ரீக்வென்சி எல்லாத்தையும் அனுப்பும், உப்பு ஒவ்வொண்ணுலயும் ஒரு விதமா மாறும், நிஜ உலோகம் வேற விதமா மாறும், ரெண்டையும் ஒப்பிட்டு உப்பை மட்டும் கழிச்சு விட்டுரும். இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. ஃபிஷர் கம்பெனியோட பழைய சிஇசட் மெஷினுங்க 5, 15 கிலோஹெர்ட்ஸ் ரெண்டையும் வெச்சு இதைச் செஞ்சுது, மைன்லேப்பும் தொண்ணூறுகள்லயே செஞ்சுருச்சு. மைன்லேப் 1985ல ஆரம்பிச்சது, எங்க ஊரு கம்பெனிங்க, அடிலெய்டு. நான் அது தெரியாம இந்த ஊர்லயே உக்காந்துகிட்டு தப்பான மெஷின் வாங்கிருக்கேன்.

சரி மெட்டிக்கு வருவோம். ஜோடில ஒண்ணு போயிட்டா இன்னொண்ண மட்டும் போட முடியாதுல்ல, அது டப்பால சும்மா கெடந்துச்சு. அதை எடுத்து பின்பக்கம் ப்ளாஸ்டிக் சேர் மேல வெச்சு அதே மெஷின்ல காட்டுனேன். வெள்ளிதான, நம்பர் உச்சத்துக்குப் போகும்னு பாத்தா, பாட்டில் மூடி, கூல்ட்ரிங்க் கேன் ரிங்-புல் வர்ற இடத்துல தத்தளிக்குது. பையனோட வெள்ளி மோதிரம், எடை ஏறக்குறைய அதே, அதைக் காட்டுனா ஜம்முனு மேல போவுது. அரை மணி நேரம் மண்டைய ஒடச்சுகிட்டேன். அப்புறம் மெட்டிய திருப்பிப் பாத்தா விஷயம் கண்ணு முன்னாடியே இருக்கு. விரலுக்குத் தகுந்த மாதிரி அமுக்கிக்கிறதுக்காக மெட்டி கீழ்ப்பக்கம் தொறந்து இருக்கும்ல. மோதிரம் முழு வட்டம், கரண்ட் சுத்தி ஓடுறதுக்கு ரோடு இருக்கு, மெட்டில ரோடு நடுவுல வெட்டிருக்கு, கம்பியோட தடிமனுக்குள்ளயே சுத்திக்க வேண்டியதுதான். உடைஞ்ச மோதிரமும் இதே கதைதான். மெல்லிசான சங்கிலி இன்னும் மோசம், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி குட்டி வளையம், மெஷினுக்கு கொக்கி மட்டும்தான் தெரியும். ரெண்டு பவுன் செயின் மணல்ல கெடந்தாலும் மேலயே காயிலை ஆட்டிட்டுப் போயிருவீங்க. ஆக நான் தேடுறது மெஷினுக்குப் பாக்கவே கஷ்டமான சாமான், அதுவும் மெஷினுக்குப் புடிக்காத மணல்ல.

பீச்சுல ஒரு பெரியவர் வாராவாரம் வருவார், எழுபது வயசுக்கு மேல இருக்கும், இடுப்புத் தண்ணில நின்னுகிட்டு தேடுவார். என் மெஷின் கத்துறத கேட்டுட்டு சிரிச்சுகிட்டே வந்தார். அவர்தான் சொல்லிக்குடுத்தார், என்ன தேடுறியோ அதையே ஒரு நூல்ல கட்டி மணல்ல பொதைச்சுப் பாரு, கடைக்காரன் சொல்றத விட அதுதான் உண்மை சொல்லும்னு. மிச்ச மெட்டில மீன்பிடி நரம்பைக் கட்டி ஈர மணல்ல நாலு விரக்கடை ஆழத்துல பொதைச்சோம். என் மெஷின் வழக்கம் போல அழுதுச்சு, மெட்டிக்கும் அழுதுச்சு மெட்டி இல்லாத இடத்துக்கும் அழுதுச்சு. அடுத்து அவரோட பல்ஸ் மெஷின்.

பல்ஸ் இண்டக்‌ஷன் வேற சாதி. அது கரண்ட பட்டுனு குடுத்து பட்டுனு நிறுத்திட்டு, மண்ணுல எவ்ளோ நேரம் எதிரொலி தங்குதுன்னு பாக்கும். உப்போட எதிரொலி சட்டுனு செத்துரும், கனமான உலோகத்தோடது கொஞ்சம் இழுக்கும், அதனால உப்பு கழியுற வரைக்கும் காத்திருந்து கேட்டா போதும், மெஷின் அவ்ளோ அமைதி. இரும்புத் துகள் கலந்த கருப்பு மணலுக்கும் பெருசா அசராது, ஆழமும் நல்லா போகும். ஆனா மெல்லிசு சாமானோட எதிரொலியும் உப்பு கூடவே சீக்கிரம் செத்துரும்ல, என் மெட்டிக்கு லேசா ஒரு முனகல், அவ்ளோதான். அதோட இது இரும்பா வெள்ளியான்னு பல்ஸ் சொல்லாது. அன்னிக்கு அரை மணி நேரத்துல பதினோரு கொண்டை ஊசி தோண்டுனேன், ஆமா எண்ணுனேன். குப்பை கம்மியா இருக்குற பீச்சுனா பல்ஸ் ராஜா, க்ளெனெல்க் மாதிரி ஐஸ்க்ரீம் கடையும் கூட்டமுமா இருக்குற எடத்துல இடுப்பு போயிரும்.

மூணாவது அவரோட மல்டி. சின்னதா, ஆனா ரெண்டு பக்கமும் ஆட்டும்போது ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப அதே இடத்துல ஒரு சத்தம். அதுக்குள்ள ஒரு அலை வந்துச்சுங்க, நரம்பு கையில இருந்து நழுவிருச்சு, போச்சு, ரெண்டாவது மெட்டியும் போச்சுன்னு எனக்கு வேர்த்துருச்சு. பெரியவர் பதட்டமே படல. தண்ணிக் கோட்டுக்கு இணையா மெதுவா, காயில மணலை ஒட்டியே வெச்சு நகத்திகிட்டு போனார், அஞ்சடி தள்ளி நின்னு மணல் அள்ளுற ஸ்கூப்ப இறக்குனார், ரெண்டு அள்ளு, மெட்டி நரம்போட தொங்குது. எந்த டைப் வாங்குறதுன்னு அங்கயே முடிவாயிருச்சு, எந்த மாடல்ங்கிறதுதான் பாக்கி.

மாடல் பத்தி நான் அலசுனத சுருக்கமா சொல்றேன். மைன்லேப்போட வான்க்விஷ் விலை கம்மி, ஈர மணல்ல நல்லாவே ஓடும், ஆனா காயில் மட்டும்தான் தண்ணிக்குள்ள போகலாம், மேல இருக்குற பாக்ஸ் போகக் கூடாது, முட்டித் தண்ணில ஒரு பெரிய அலை அடிச்சா முடிஞ்சுது. அதே மைன்லேப்போட எக்வினாக்ஸ் 900 அஞ்சு மீட்டர் வரைக்கும் தாங்கும். எக்ஸ்பி கம்பெனியோட டியூஸ் 2 இருபது மீட்டர், எடையும் இறகு மாதிரி, ஆனா அதுல காயிலுக்கும் ரிமோட்டுக்கும் வயரே கிடையாது, ரேடியோல பேசிக்கும், உப்புத் தண்ணி ரேடியோவ முழுங்கிரும், அதனால தண்ணிக்குள்ள போகணும்னா காயில்ல இருந்து ஒரு ஆன்டெனா வயர மேல இழுத்து மாட்டணும். வயர்லெஸ் ஹெட்ஃபோனுக்கும் இதே சிக்கல்தான், பாக்ஸ் தண்ணிக்கு மேல இருக்குற வரைக்கும்தான் பாட்டு. துருக்கி கம்பெனி நோக்டாவோட லெஜண்ட் மூணு மீட்டர், எனக்கு முட்டி அளவு தண்ணிக்கு அது தாராளம், ஈர மணலுக்குத் தனி செட்டிங் இருக்கு, பட்ஜெட்டுக்கும் சரியா வந்துச்சு, அதையே வாங்கிட்டேன். மைன்லேப் ஊர்ல உக்காந்துகிட்டு துருக்கி மெஷின் வாங்கிருக்கான்னு பெரியவர் இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்றார்.

வாங்குன அப்புறமும் சென்சிடிவிட்டிய உச்சத்துல வெச்சு ஓட்டாதீங்க. ஆழம் வேணும்னு ஏத்துனா உப்பும் கூடவே ஏறும். அமைதியா ஓடுற அளவுக்கு இறக்கி, மெதுவா ஆட்டுங்க. கையில இருக்குற மோதிரத்தையும் கழட்டிருங்க, தோண்டுன குழில கைய விட்டு கையடக்கமான சின்ன டிடெக்டரால துழாவும்போது உங்க மோதிரமே கத்தும், நான் ரெண்டு நாள் முட்டாளா இருந்தேன்.

ஸ்கூப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். பெரிய ஓட்டை வெச்ச ஸ்கூப்புனா மணல் சட்டுனு வடிஞ்சுரும், சுகமா இருக்கும், ஆனா மெட்டி சைஸ் சாமான் மணலோட சேந்து வெளிய போயிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சின்ன ஓட்டை, நீளக் கைப்பிடி. மெஷினுக்கு ஆயிரம் யோசிச்சுட்டு ஸ்கூப்புல மிச்சம் புடிக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் நல்ல தண்ணில கழுவணும், மெஷினோட தண்டைக் கழட்டி உள்ள இருக்குற மணலையும், இல்லேன்னா ஒரு மாசத்துல ஒட்டிக்கும்.

எங்க பீச்சுக்குன்னு ஒரு வினோதம் இருக்கு, டாட்ஜ் டைட்னு. இந்த வளைகுடால சூரியன் இழுக்குறதும் சந்திரன் இழுக்குறதும் கிட்டத்தட்ட சமம், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டும் ஒண்ண ஒண்ணு கழிச்சுகிட்டு ஒரு நாள் முழுக்க தண்ணி ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. அன்னிக்கு லீவு போட்டுட்டு மெஷினத் தூக்கிட்டு போனா ஈர மணலே கிடைக்காது. நான் போயிருக்கேன். நல்ல வத்தம் வர்ற நாள், இல்ல புயல் அடிச்சு மணலை அரிச்சுட்டு போன மறுநாள், அதுதான் நேரம். அதோட இங்க மணல் தானா வடக்க நகந்துகிட்டே இருக்கும், கவர்மெண்ட்டு அதை க்ளெனெல்க்ல இருந்து பைப் போட்டு தெற்க கிங்ஸ்டன் பார்க்குக்கு திருப்பித் தள்ளுது. எங்க மெட்டி அந்தப் பைப்புல போயிட்டு வந்துருக்கும்னு வீட்டுல ஒரு ஜோக்.

மெஷின ஊருக்குக் கொண்டு வரலாமான்னு மச்சான் கேட்டான். நம்ம இந்தியாவுல 1878ல வந்த புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல பொதைஞ்சு கெடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு சொல்லியாகணும்னு போட்டிருக்கு, பாத்துக்கடான்னேன். இங்கயும் விலையுள்ள நகை கிடைச்சா போலீஸ்ல குடுத்துருவேன், அடுத்தவங்க வீட்டுலயும் ஒருத்தி டவல் எடுக்கும்போது கையைப் பாத்திருப்பால்ல.

இதுவரைக்கும் கிடைச்சது: ரெண்டு டாலர், ஒரு டாலர் காசெல்லாம் ஒரு ஜாடி நிறைய, கருத்துப்போன இருவது சென்ட்டுங்க, 1966க்கு முந்தின ஒரு பென்னி, ஒரு சாவிக்கொத்து, ஒரு கல்யாண மோதிரம், அது ஸ்டேஷன்ல இருக்கு. மெட்டி கிடைக்கல.

அம்மாகிட்ட விஷயம் எப்படியோ போயிருச்சு, திட்டல, போன மாசம் வந்த ஆள் கிட்ட புது ஜோடி குடுத்து விட்டாங்க. பழைய ஒத்த மெட்டி இன்னும் நரம்போட என் ஸ்கூப் பையிலதான் இருக்கு, ஒவ்வொரு தடவையும் அதைத்தான் மொதல்ல பொதைச்சு மெஷின செக் பண்றேன். வீட்டுக்காரம்மா இப்பல்லாம் பீச்சுக்குக் கெளம்பும்போதே புது மெட்டிய கழட்டி பூஜை அலமாரில வெச்சுட்டுதான் வர்றா.