அம்மாவின் ரிப்போர்ட்டில் எல்டிஎச்: நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைகளைக் கடந்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருவர் வாரக்கணக்கில் இருமினால் எல்லாரும் முதலில் சொல்வது டிபி என்றுதான். அம்மாவுக்கும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் அப்படித்தான் தொடங்கியது. சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியில் டிபி கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இளவயதில் பால்மரம் சீவினார்; தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிய பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கினார். "புகைக்காத பொம்பளைக்கு நுரையீரல்ல எப்படி வரும்?" என்று சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார். வரும். ஆசியப் பெண்களிடம் புகைப் பழக்கமே இல்லாமல் இந்த நோய் வருவது அதிகம். அதிலும் பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வகைதான். அம்மாவுக்கும் அதுதான். ஈப்போவில் சிடி ஸ்கேன், அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்தல் என்று வழக்கமான வரிசையில் எல்லாம் நடந்தன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் எழுத நினைத்தது அதற்கடுத்த காத்திருப்புக் காலத்தைப் பற்றி.

சதைப் பரிசோதனையின் முழு முடிவு வருவதற்குள் கோலாலம்பூரில் இருக்கும் தம்பி பொறுமை இழந்துவிட்டான். தனியார் லேப் ஒன்றில் அம்மாவுக்கு இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தான். ரிப்போர்ட் வந்தபோது எல்டிஎச் என்ற வரிக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'உயர்வு' என்ற குறி இருந்தது. மேல்வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரவெல்லாம் தேடிப் படித்துவிட்டு விடியற்காலையில் போன் செய்தான். "அண்ணே, இது ஏறுனா ஆயுசு கம்மின்னு எல்லாத்துலயும் போட்டிருக்கு."

போட்டிருப்பது பொய்யில்லை. எல்டிஎச் என்பது லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ். உடம்பு சர்க்கரையை உடைக்கும்போது வரும் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும் என்சைம். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அள்ளி அள்ளி லாக்டேட்டாக மாற்றுகின்றன என்று 1920களிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் காட்டிவிட்டார். நுரையீரல் புற்றுநோயில் இரத்த எல்டிஎச் உயர்ந்திருக்கும் நோயாளிகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், அவர்களின் ஆயுள் சராசரியில் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கட்டி பெரிதாக இருப்பது, வேகமாக வளர்வது, பரவியிருப்பது எல்லாம் அந்த எண்ணில் சேர்ந்து தெரிகிறது.

ஆனால் நான் செம்பனை ஆலை லேபில் வேலை செய்பவன். எனக்கு அந்த எண்ணின் மேல் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வரவில்லை. செம்பனைப் பழம் அடிபட்டால் உள்ளே இருக்கும் லிப்பேஸ் என்ற என்சைம் எண்ணெயை உடைக்கும், எஃப்எஃப்ஏ எனப்படும் தனிக் கொழுப்பு அமில அளவு ஏறும். 5 சதவீதத்தைத் தாண்டினால் மேனேஜர் என்னைத் தேடி வருவார். பழம் கெட்டிருக்கிறது என்று அந்த எண் சொல்லும். லாரியில் அடிபட்டதா, ரேம்ப்பில் கொட்டும்போதா, வெட்டிப் போட்டுத் தோட்டத்திலேயே கிடந்ததா என்று சொல்லாது. எல்டிஎச்சும் அந்த ஜாதிதான். உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஈரலோ, இதயமோ, தசையோ எது அடிபட்டாலும் இரத்தத்தில் கலக்கும்.

நெஞ்சு நிபுணர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்டிஎச் வரியைப் பார்க்கவில்லை, பொட்டாசியத்தைப் பார்த்தார். அதுவும் ஏறியிருந்தது. "ஆன்ட்டிக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தினார்களா?" என்று கேட்டார். அம்மா கையை நீட்டினார். நீலம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சிவப்பணுக்களுக்குள் எல்டிஎச்சும் பொட்டாசியமும் நிறைய இருக்கின்றன. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ அணுக்கள் உடைந்தால் இரண்டும் குழாயிலேயே ஏறிவிடும். அங்கேயே மிஸி (நர்ஸ்) ஒருவர் மறுபடி நிதானமாக இரத்தம் எடுத்தார். இந்தத் தடவை பொட்டாசியம் சரியாக இருந்தது. எல்டிஎச் வரம்பை ஒட்டி, சற்றே மேலே. முழுக்க நல்ல செய்தி என்று சொல்ல முடியாது, ஆனால் தம்பியைத் தூங்கவிடாமல் செய்த எண் அது இல்லை.

அதே லேப் 'கேன்சர் மார்க்கர்' பேக்கேஜ் ஒன்றையும் சிபாரிசு செய்திருந்தது. அதில் என்எஸ்இ இருந்தது. அதுவும் சர்க்கரையை உடைக்கும் பாதையில் வரும் ஈனோலேஸ் என்சைமின் ஒரு வடிவம்தான். சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் அதற்குப் பயன் உண்டு. அம்மாவுடையது வேறு வகை. சிவப்பணு உடைந்தால் அதுவும் பொய்யாக ஏறும் என்று டாக்டர் சொன்னதும், அந்தக் காசைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொண்டோம்.

தம்பி விடவில்லை. ஹெக்சோகைனேஸ் 2, பிகேஎம்2, கிளைசின் டீகார்பாக்சிலேஸ் என்று புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் என்சைம்களின் பட்டியலே கொண்டு வந்தான். கடைசியாகச் சொன்ன என்சைம் பற்றிய முக்கியமான ஆய்வு 2012இல் பக்கத்திலேயே, சிங்கப்பூரிலிருந்து வந்தது. நுரையீரல் கட்டியைத் தொடங்கிவைக்கும் செல்கள் அதை நம்பியிருப்பதாக அது காட்டியது. "இதெல்லாம் அம்மாவோட சதையில பார்க்கச் சொல்லலாமே?" என்றான். நான் அதை டாக்டரிடம் வேறு மாதிரி கேட்டேன்: இந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் அம்மாவின் மருந்து மாறுமா?

மாறாது என்றார். சேமித்து வைத்த கட்டிகளில் இந்த என்சைம்களுக்குச் சாயம் போட்டு, அதிகம் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள், குறைவாக இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிடுவது ஆராய்ச்சிக்குத் தேவை. ஒருவருக்கு என்ன மருந்து கொடுப்பது என்று அது சொல்வதில்லை. இன்னொன்றும் சொன்னார். ஊசியில் வந்த சதை மிகக் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் வெட்டிச் சாயம் போட்டுத் தீர்த்துவிட்டால் கட்டியை வளரத் தூண்டக்கூடிய இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவைப் பார்க்கும் பரிசோதனைக்கு மிஞ்சாது. மருந்தை மாற்றக்கூடியது அந்த மாதிரிப் பரிசோதனைதான். எல்டிஎச்கூட மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நோய்நிலைக் கணக்கிலேயே சேர்கிறது. நுரையீரலுக்கு அப்படி இல்லை. இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) பெறுகிறவர்களுக்கு வெள்ளணு விகிதத்தோடு எல்டிஎச்சைச் சேர்த்துப் போடும் 'லிப்பி' என்ற மதிப்பெண் ஒன்று 2018இல் வந்தது. அதுவும் எப்படிப் போகும் என்று கணிக்கத்தான்.

இதற்கிடையில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பெட் ஸ்கேன். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையில் உண்மையாகவே கைகொடுத்த என்சைம் அங்கேதான் இருந்தது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். செல்லுக்குள் போனதும் ஹெக்சோகைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். சாதாரணச் சர்க்கரை போல மேலே உடைய முடியாமல் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். பசியெடுத்த கட்டி படத்தில் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல் போனால் ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொன்னதால், மருந்து எப்போது சாப்பிடுவது என்று எழுதி வாங்கிக்கொண்டோம். ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். பசியாறாமல் வண்டியில் ஏறவே மாட்டேன் என்று அம்மா அடம். "தே ஓ கோசோங்தான்டா, அதுல சீனியே இல்லையே" என்று கறுப்புத் தேநீருக்காகத் தைப்பிங் வரை வாதாடிக்கொண்டு வந்தார். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசைகூடச் சர்க்கரையை இழுத்துப் படத்தில் ஒளிரும். அம்மாவுக்கு அதுதான் பெரிய தண்டனை. பழைய டிபி தழும்பும் ஒளிரலாம் என்பதால், படத்தில் ஒளிர்ந்த எல்லாவற்றையும் புற்றுநோய்க் கணக்கில் எழுதவில்லை. ஆனாலும் எலும்பில் ஓரிடம் சந்தேகமில்லாமல் இருந்தது. நான்காம் நிலை.

இஜிஎஃப்ஆரில் மாற்றம் இருந்தது. அதைக் குறிவைக்கும் மருந்தான கெஃபிட்டினிப் 250 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. முகத்தில் பரு மாதிரி வெடித்தது, நகக்கண் புண்ணானது, வயிறு அவ்வப்போது போகும். வழக்கமாகப் போடும் காஸ்ட்ரிக் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். வயிற்று அமிலம் குறைந்தால் இந்த மருந்து சரியாக உடம்பில் சேராது. இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. இந்த மாத்திரை ஒருநாள் வேலை செய்யாமல் போகும், அப்போது மறுபடி மரபணு பார்க்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

எல்டிஎச் இப்போதும் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் வருகிறது. தம்பி அதை ஒரு கணக்குத் தாளில் ஏற்றி வைக்கிறான், செய்யட்டும். டாக்டர் சிடி படத்தையும் அம்மாவின் எடையையும்தான் பார்க்கிறார்.

எங்களைப் போல வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒன்று. மலேசிய அரசின் பெக்கா பி40 என்ற உதவித் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 1,000 வெள்ளியும் (ரிங்கிட்), தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.