மன்மோகன் சிங்: மகளின் புத்தகமும் ஆலோசகரின் புத்தகமும்

மன்மோகன் சிங் சுயசரிதை எழுதாமலேயே 2024 டிசம்பர் 26 அன்று போய்விட்டார். அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மற்றவர்கள் எழுதியதைத்தான் படிக்க வேண்டும். அதில் முக்கியமான இரண்டு, 2014ல் சில மாத இடைவெளியில் வெளிவந்தவை. ஏப்ரலில் சஞ்சய பாருவின் 'தி ஆக்ஸிடென்டல் பிரைம் மினிஸ்டர்', ஆகஸ்டில் மகள் தமன் சிங்கின் 'ஸ்ட்ரிக்ட்லி பர்சனல்'. இரண்டையும் இந்தக் கோடையில் அடுத்தடுத்து மறுபடி படித்தேன்.

பாரு 2004 முதல் 2008 வரை பிரதமரின் ஊடக ஆலோசகர். மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் புத்தகம் வந்தது. பிரதமர் அலுவலகம் கடுமையாக மறுத்தது. மூத்த மகள் உபிந்தர் சிங், முதுகில் குத்திவிட்டார் என்றே சொன்னார். அந்த இரைச்சலில் பலரும் கவனிக்காதது, புத்தகத்தின் பெரும்பகுதி பரிவோடு எழுதப்பட்டது என்பது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக மன்மோகன் எப்படி நின்றார் என்பதை பாரு அளவுக்கு யாரும் நெருங்கி நின்று சொன்னதில்லை. இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, 2008 ஜூலை 22 அன்று 275க்கு 256 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு பிழைத்தது. பதவியே போனாலும் பரவாயில்லை என்று துணிந்த மனிதரை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவது வேறு பகுதியை. 2009ல் அமைச்சரவை அமைந்தபோது ஆ. ராசா வேண்டாம் என்று பிரதமர் ஒரு நாள் முழுக்கப் பிடிவாதமாக இருந்துவிட்டு, பிறகு இறங்கிவந்தார் என்கிறார் பாரு. பொருளாதார நிபுணர் சி. ரங்கராஜனை நிதியமைச்சர் ஆக்க நினைத்தார், அதற்குள் பிரணாப் முகர்ஜிக்கு அந்தப் பதவி போய்விட்டது என்றும் எழுதுகிறார். இங்கேதான் நான் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டேன். பாரு 2008 ஆகஸ்டிலேயே அந்த அலுவலகத்தை விட்டுப் போய்விட்டவர். அதுவரை 'நான் பார்த்தேன்' என்று எழுதியவர், 2009க்கு வந்ததும் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். ஆனால் குரல் மாறவில்லை, அதே உறுதி. புத்தகம் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 டிசம்பரில், அலைக்கற்றை வழக்கில் ராசாவைச் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. அதையும் மனதில் வைத்துத்தான் இன்று அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

தமன் சிங் வேறு மாதிரி. அப்பா அம்மா இருவரிடமும் உட்கார்ந்து கேட்டு, நூலகங்களில் தேடி எழுதியிருக்கிறார். மன்மோகன் பிறந்த, இன்று பாகிஸ்தானில் இருக்கும் காஹ் கிராமத்தில் அப்போது மின்சாரம் இல்லை. மன்மோகனின் சிறுவயதிலேயே அவருடைய அம்மா போய்விட, வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. பிரிவினைக் கலவரத்தில் தாத்தா கொல்லப்பட்டார். கேம்பிரிட்ஜில் பணம் இல்லாத நாட்களில் ஆறு பென்ஸ் காட்பரி சாக்லேட்தான் சாப்பாடு. அங்கே சீக்கிய மாணவர் அவர் ஒருவர்தான்; நீண்ட முடியோடு மற்றவர்கள் எதிரே நிற்கக் கூச்சப்பட்டு, யாரும் இல்லாத நேரத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார்.

இந்தக் குளியலை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு சங்கடம் வந்தால் யாரிடமும் முறையிடாமல் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிற பையன் அவர். பாருவின் புத்தகத்தில் வரும் பிரதமரும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறார். பாரு அதைப் பலவீனம் என்கிறார், 2009 வெற்றி அவருடையதுதான், அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று வருந்துகிறார். வருத்தம் நியாயமானதே. ஆனால் மகளின் புத்தகத்தை முதலில் படித்துவிட்டு வந்தால், அந்த மௌனம் டெல்லியில் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை, கூடவே வளர்ந்தது என்று தெரியும். அதனால்தான் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம், வெளிவந்த வரிசையை மாற்றி, தமனிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

மன்மோகன் நிதியமைச்சரான 1991 என்று வந்தால் இந்த இரண்டும் போதாது. அந்த ஜூலையில் நான் மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் அன்னியச் செலாவணி பார்த்துக்கொண்டிருந்தேன். டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாயை நெருங்கிய வாரம் அது. துபாயில் மகன் இருக்கும் பெற்றோருக்குச் சந்தோஷம், இயந்திரம் இறக்குமதி செய்ய ஆர்டர் கொடுத்தவர்களுக்குத் தூக்கம் போனது. டெல்லியில் நடந்ததை ஜெய்ராம் ரமேஷின் 'டு தி பிரிங்க் அண்ட் பேக்' சொல்கிறது. அவர் அப்போது பிரதமர் நரசிம்ம ராவ் அலுவலகத்தில் இருந்தவர். ஜூலை 1 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தாகிவிட்டது. 3ஆம் தேதி இரண்டாவது குறைப்பு. அதற்குள் ராவ் பயந்துபோய் நிறுத்தச் சொல்கிறார். மன்மோகன் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ரங்கராஜனுக்குப் போன் செய்கிறார். அதற்குள் அறிவிப்பு வெளியாகிவிட்டது! ராவின் சொந்தக் காகிதங்களைப் பார்த்து வினய் சீதாபதி எழுதிய 'ஹாஃப் லயன்' பெரும் பங்கை ராவுக்குத் தருகிறது; நிதியமைச்சர் பதவிக்கு ராவ் முதலில் கேட்டது ஐ.ஜி. படேலை என்ற தகவலும் அதில் உண்டு. தனி ஒரு நாயகனின் கதையாக 1991ஐச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். மன்மோகனின் பெருமை இதனால் குறையாது. பதறிய பிரதமர், கீழ்ப்படிந்த அமைச்சர், வேகமாக வேலையை முடித்த அதிகாரி என்று மனிதர்கள் மனிதர்களாகவே தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, எதுதான் இல்லை? 2009 முதல் 2014 வரை. தமன் 2004 வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். பாரு அப்போது வெளியே. மக்கள் மன்மோகனைப் பற்றித் தீர்ப்பெழுதியது முழுக்க அந்த ஐந்து ஆண்டுகளை வைத்துத்தான், அதற்கு அருகே இருந்து எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்றும் என் கைக்கு வரவில்லை. அன்று திட்டக்குழுத் துணைத் தலைவராக இருந்த மான்டெக் சிங் அலுவாலியாவின், 2020ல் வந்த 'பேக்ஸ்டேஜ்' அவருடைய சொந்த அனுபவக் குறிப்பு. அதில் ஓர் இடம். 2013 செப்டம்பர், மன்மோகன் அமெரிக்காவில் இருக்கிறார். தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகள் பதவியில் நீடிக்க வழிசெய்யும் அரசின் அவசரச் சட்டத்தை ராகுல் காந்தி டெல்லியில் எல்லார் முன்னிலையிலும் கண்டித்துவிட்டார். பிரதமரை விமர்சித்துத் தன் சகோதரர் எழுதிய கட்டுரையை மான்டெக் தானே எடுத்துப்போய்க் கொடுக்கிறார். மன்மோகன் ஒன்றும் பேசாமல் படிக்கிறார். பிறகு, நான் ராஜினாமா செய்ய வேண்டுமா என்று கேட்கிறார். இந்த விஷயத்துக்காக வேண்டாம் என்பது மான்டெக்கின் பதில். அதற்கு முந்தைய மாதங்களில் மன்மோகன் மனதில் என்ன ஓடியது, ஊர் திரும்பியபின் யாரிடம் பேசினார், மனைவி குர்ஷரண் கௌர் என்ன சொன்னார்? அன்று கூட இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு யாராவது இப்போதே எழுதத் தொடங்க வேண்டும்.