ஊதா மூடிக் குப்பி

அகதிகளாக வந்து சேருபவர்களுக்கு முதல் உடல்நலப் பரிசோதனை செய்யும் இடத்தில் நான் செவிலியர். ரத்தம் எடுக்கக் குப்பிகளை மேசையில் எடுத்து வைத்ததுமே எதிரில் இருப்பவரின் முகம் மாறும். இவ்வளவு ரத்தமா என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஏதாவது நோய் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பேசாமல் கையை நீட்டுபவர்களே அதிகம்.

அதனால் ஊசியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். இது காசநோய்க்கு, இது ஹெபடைடிஸ் பி-க்கு. ஊதா மூடி போட்டது ரத்த அணுக்களை எண்ண.

அந்த ஊதா மூடி மேல் எனக்குத் தனிப் பிரியம். ரத்தசோகை அதில்தான் தெரியும். ஈசினோஃபில் என்ற அணு கூடியிருந்தால் உள்ளே புழு இருக்கலாம் என்றும் சந்தேகப்படுவோம். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு புழு, மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறிவிடும். உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. பின்னாளில் வேறு நோய்க்கு யாராவது ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) கொடுத்தால் உடம்பெங்கும் பரவி ஆளையே கொன்றுவிடும். இத்தனைக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை ஓரிரு வேளை போதும்!

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். மத்திய ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் லோவா லோவா என்ற இன்னொரு புழு உண்டு. அது ரத்தத்தில் ஏராளமாக இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளையே பாதிக்கப்படலாம். "எந்த ஊர், வழியில் எங்கெல்லாம் தங்கினீர்கள்?" என்று நான் கேட்பது இதற்காகத்தான். காரணம் சொல்லாமல் கேட்டால் அது விசாரணை மாதிரியே இருக்கும். சொல்லிவிட்டுக் கேட்டால், விட்டுப்போன முகாம்கள்கூட ஞாபகத்துக்கு வரும்.

காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் ஒரு ஊசி போடுவதும் உண்டு; போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். அதற்குள் ஆளை வேறு தங்குமிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். சின்ன வயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் முடிவும் குழப்பும். ரத்தப் பரிசோதனை இருக்கும் இடத்தில் அதுவே மேல்.

சித்திரவதை பற்றி முதல் நாளே கேட்கச் சொல்லும் படிவங்கள் எனக்குப் பிடிக்காது. தூக்கம் எப்படி என்று மட்டும் கேட்பேன். கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க விட்டு அதையும் கேட்க மாட்டேன்.

அப்புறம், முடிவுகளின் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அடுத்த ஊர் மருத்துவருக்கு எங்கள் கணினியில் இருப்பது தெரியாது.